கதை இல்லாத புத்தகம்

ஒற்றை அறை வீடுகள் வரிசையாக ஒட்டி நின்ற எங்கள் தாராவி சாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆண்கள் சாப்பிட்டுவிட்டுக் காலை நீட்டிப் படுத்த பிறகு பெண்களுக்குக் கொஞ்ச நேரம் கிடைக்கும். குழாயில் தண்ணீர் நின்றுபோயிருக்கும், அடுப்பு அணைந்திருக்கும். அந்த நேரத்தில் எங்கள் வீட்டு வாசலில் கூடி உட்கார்ந்து புத்தகங்களைப் பற்றி அபிப்பிராயம் சொல்வார்கள். கதை விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். ரேஷனில் அரிசிக்குப் பதிலாக மைலோ என்ற சிவப்புச் சோளத்தை அளந்து போட்டுக்கொண்டிருந்த அறுபதுகளின் நடுவில், ஒருத்திக்கும் எழுத்துக்கூட்டத் தெரியாத அந்தப் பெண்கள் வாரம் ஒரு புத்தகத்தைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள்.

வாசிப்பது என் வேலை. முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளியில் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். அதனால் சாலில் எனக்கு ஒரு மரியாதை உண்டு, எனக்கே கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வார நாட்களில் விளக்கு வைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பேன். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு.

புத்தகங்கள் மாட்டுங்காவிலிருந்து வந்தன. கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஒரு வீட்டில் அம்மா பாத்திரம் தேய்த்தாள். அந்த வீட்டு மாமிக்கு ஒரு அலமாரி நிறையப் புத்தகம். எடுத்துப் போகலாம், ஆனால் திருப்பித் தரும்போது எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். அது மாமியின் நிபந்தனை. அம்மாவுக்குத் தலைப்பை வாசிக்கத் தெரியாது, மாமியிடம் கேட்கவும் கூச்சம். ஆகவே கனத்தைப் பார்த்து எடுப்பாள். தடிப் புத்தகம் என்றால் வாரம் முழுக்க வருமே. இப்படித்தான் எங்கள் சாலுக்குக் காதல் கதையும் வந்தது, நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகமும் வந்தது, இமயமலைக்கு நடந்து போன ஒருவரின் பயணமும் வந்தது. ஒரு தடவை வருமான வரி பற்றிய புத்தகம் வந்துவிட்டது. அதையும் வாசித்தேன். "இம்புட்டு சம்பாதிக்கிற ஆளு நெசமாவே இருக்கானா?" என்று மூன்றாம் வீட்டு லாத்தா கேட்டதோடு அந்தப் புத்தகத்தின் கதை முடிந்தது. லாத்தா என்று நாங்கள் கூப்பிட்ட அந்த முஸ்லிம் அக்கா தையல் மிஷின் வைத்திருந்தாள். ஊசியில் நூல் கோக்கும்போது வாயை மூடுவாள், மற்ற நேரம் மூடமாட்டாள்.

சபைக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. புத்தகத்தைப் பற்றித்தான் பேச வேண்டும், சொந்த வீட்டு விவகாரத்தை எடுக்கக்கூடாது. முன்பு ஒரு முறை மாமியார் கொடுமைக் கதை ஒன்றை வாசித்தபோது, அப்பளம் இட்டு விற்கும் முதல் வீட்டு மதினி தன் மாமியாரைப் பற்றி வாயை விட்டுவிட்டாள். அது அந்தக் கிழவியின் காதுக்குப் போய், சாயங்காலம் சாலே ரெண்டுபட்டது. அதன் பிறகு வந்த சட்டம் இது. ஆகவே சொந்தக் கதையைச் சொல்லத் துடிக்கிறவள் அதைக் கதாநாயகியின் தலையில் ஏற்றித்தான் சொல்ல முடியும். நானோ அவர்கள் புத்தகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சபையில் பெரிய வாய் என் சித்தி. அப்பாவின் தம்பி மனைவி, பக்கத்து அறையில் குடியிருந்தாள். நாலு பிள்ளைகள், கடைசி எப்போதும் இடுப்பில். அவளுக்கு எந்தப் புத்தகமும் பிடிக்காது. காதல் கதையில் நாயகி பிரசவத்தில் செத்துப்போக, நாயகன் பக்கம் பக்கமாக அழுதான். பெண்கள் எல்லோரும் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சித்தி மட்டும் என்னைப் பார்த்து, "அவன் அழுதது இருக்கட்டும். அந்தப் பச்சப்பிள்ளைக்குப் பாலு குடுத்தது யாருன்னு எழுதிருக்கானா, பாருட்டி" என்றாள். பார்த்தேன், எழுதவில்லை. "அப்பம் அவன் பொய்யன்" என்று சொல்லிவிட்டாள். இமயமலைக்காரரையும் விடவில்லை. "இவரு மலை ஏறுன நேரத்துல இவரு வீட்டு ரேஷனுக்கு யாரு லைன்ல நின்னா?" நட்சத்திரப் புத்தகத்தைக் கேட்டபோது மட்டும் அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "மேல அம்புட்டு எடம் சும்மாதான கெடக்கு?" என்று தன் அறையைத் திரும்பிப் பார்த்தாள். அந்த அறையில் ஆறு பேர் ஒருக்களித்துப் படுத்தார்கள்.

இதையெல்லாம் அம்மா மாட்டுங்காவில் போய் ஒப்பிப்பாள். பள்ளி விடுமுறை நாட்களில் நானும் கூடப் போவேன். மாமி ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "மத்தவா சொன்னது இருக்கட்டும், அந்த நாலு குழந்தைக்காரி என்ன சொன்னா?" என்று கேட்பாள். அம்மா சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சித்தியை மாமி ஒருநாளும் பார்த்ததில்லை.

நாலாவது பிள்ளை பிறந்தபோது சித்தி பிழைத்ததே பெரும்பாடு. இனி ஒன்று உண்டானால் உயிருக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அது சால் முழுக்கத் தெரியும், எனக்கும் தெரியும். சித்தப்பாவுக்கும் தெரியும். சித்தப்பா நல்லவர். தோல் பட்டறையில் வேலை, குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், சம்பளக் கவரைப் பிரிக்காமல் சித்தி கையில் கொடுப்பார். அப்படிப்பட்ட மனிதரைப் பற்றி யாரிடம் என்ன குறை சொல்வது? டாக்டர் சொன்னதை யாராவது ஞாபகப்படுத்தினால், "டாக்டருமாரு ஆயிரஞ் சொல்லுவானுவ. குடுக்கிறவன் பாத்துக்கிடுவான்" என்பார். மழைக்காலம் முடிவதற்குள் சித்தி மறுபடியும் உண்டாகிவிட்டாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். தூக்கி வைத்துக்கொள்ள இன்னொரு பாப்பா. சித்தி டாக்டரம்மாவிடம் போய்க் கெஞ்சியதும், அது போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று அந்தம்மா கையை விரித்ததும் எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் சட்டம் அப்படித்தான் இருந்தது. சித்தி சபையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசக்கூடாது என்பதுதானே சட்டம்.

அந்த வாரம் அம்மா தூக்கி வந்தது அதுவரை வந்ததிலேயே கனமான புத்தகம். வீட்டு வைத்தியம். கதை கிடையாது என்றதும் எல்லோர் முகமும் விழுந்துவிட்டது. ஆனாலும் வந்ததை வாசித்துத்தானே ஆக வேண்டும். தலைவலி, பல்வலி, சளி, சிரங்கு என்று வாரம் முழுக்க வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்பு தொடங்கும்போதே புத்தகத்துக்குச் செம அடி. பல்வலிக்குக் குங்குமப்பூ, மலச்சிக்கலுக்குப் பாதாம் பருப்பு என்று எழுதியிருந்தது. "இவருகிட்ட வாற நோயாளி எல்லாம் ஜமீந்தாரு போல" என்றாள் லாத்தா. கொத்தமல்லி விற்கிற விலையில் இதை எவள் அரைப்பாள் என்று மதினி சத்தம் போட்டாள். சிரிப்பில் உள்ளே படுத்திருந்த அப்பா புரண்டு படுத்து முனகினார்.

மிச்சம் இருந்தது கர்ப்பிணிப் பெண்களுக்கான அத்தியாயம். அதில் கர்ப்பிணிகள் கண்டிப்பாகத் தொடக்கூடாதவை என்று சில பொருள்களைப் போட்டிருந்தது. கடைசியாக ஒரு வேர். அதை உட்கொண்டால் கரு தங்காது, தாய்க்கும் ஆபத்து என்று எழுதியிருந்தது. அந்த வேரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை.

"அத இன்னொருக்கா வாசி பிள்ள" என்றாள் சித்தி.

வாசித்தேன். சிரிப்பு நின்றுபோயிருந்தது. லாத்தா கையில் நூலும் இல்லை, ஊசியும் இல்லை, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அம்மா தரையில் கிடந்த ஒரு அப்பளத் துணுக்கை எடுத்து நுணுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னொருக்கா. மெள்ள."

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்குகிற பிள்ளை போல நிறுத்தி நிறுத்தி, எழுத்து எழுத்தாக வாசித்தேன். சித்தி இடுப்பிலிருந்த பிள்ளையை மடியில் இறக்கி வைத்துவிட்டு, "இதான் நல்ல புஸ்தகம். இதுவரைக்கும் வந்ததுலயே இதான்" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சித்தி ஒரு புத்தகத்தைப் பாராட்டிவிட்டாள், அதுவும் நான் வாசித்து! யாராவது எதிர்த்துப் பேசுவார்கள் என்று பார்த்தேன். அந்தச் சபையில் ஒருத்தி நல்லது என்றால் நாலு பேர் இல்லை என்பார்கள். அன்றைக்கு மதினி எழுந்து போய் வெயிலில் கிடந்த அப்பளத்தைத் திருப்பிப் போட்டாள்.

புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோது சித்தி அறைக்கு முன்னால் கூட்டம். சித்தியை டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். லாத்தாவும் மதினியும் அறைக்குள் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வாசல் வழியாக என் காலுக்கு வந்த தண்ணீர் சிவப்பாக இருந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கடைசிப் பிள்ளை யாரும் தூக்காமல் கத்திக்கொண்டிருந்தான்.

இருட்டுவதற்குள் சித்தி போய்விட்டாள் என்ற செய்தி வந்துவிட்டது. போலீஸ்காரர் ஒருவர் வந்து ஹிந்தியில் விசாரித்தார். மோரியில், அதாவது அறை மூலையில் பாத்திரம் கழுவுகிற இடத்தில், வழுக்கி விழுந்துவிட்டாள் என்று லாத்தா சொன்னாள். மதினியும் அதையே சொன்னாள். அம்மாவும் அதையே சொன்னாள். ஒருத்தியிடமிருந்து ஒருத்தி ஒரு சொல் மாறவில்லை. நானும் அந்த மோரியை வெகு நாட்கள் திட்டிக்கொண்டிருந்தேன். சித்தி அந்த வேரை எங்கிருந்தோ வாங்கி வந்து அரைத்துக் குடித்திருந்தாள் என்பது எனக்குக் கல்யாணமாகி, என் பிள்ளைப்பேற்றுக்கு அம்மா வந்திருந்தபோதுதான் தெரிந்தது. அதையும் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

சித்தப்பா மூன்று நாள் சாப்பிடவில்லை. ஊரெல்லாம் அவருக்காக அழுதது. பிள்ளைகள் எங்கள் அறைக்கு வந்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நானும் அம்மாவோடு மாட்டுங்காவுக்குப் போனேன். மாமி விஷயம் தெரியாமல் ஊஞ்சலில் உட்கார்ந்தபடி, வைத்தியப் புத்தகம் எப்படி இருந்தது, அந்த நாலு குழந்தைக்காரி என்ன சொன்னாள் என்று கேட்டாள். அம்மா செய்தியைச் சொன்னதும் மாமி ஊஞ்சலை நிறுத்திவிட்டாள். "ஐயோ, எப்படி?" என்றாள். வழுக்கி விழுந்ததைத்தான் அம்மா அங்கேயும் சொன்னாள். கிளம்பும்போது, "அந்தப் புஸ்தகம் இன்னும் முடியல மாமி. ஒரு வாரம் இருக்கட்டும்" என்றாள். நாங்கள் எப்போதோ முடித்துவிட்ட புத்தகம். துக்கத்தில் அம்மாவுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் ஞாயிறு. செத்த வீட்டில் சபை கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் ஆண்கள் படுத்ததும் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்தார்கள். வேறு நாட்களில் வராத ரெண்டு மூன்று பேர் பின் வரிசை சாலிலிருந்தும் வந்திருந்தார்கள். அம்மா உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தாள்.

"அந்தப் பக்கத்த வாசி" என்றாள்.

சித்தியின் நினைவாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன். அவள் பாராட்டிய ஒரே பக்கம் அல்லவா. அழுதுகொண்டே வாசித்தேன். எழுத்து கலங்கியபோதெல்லாம் லாத்தா என் கண்ணைத் துடைத்துவிட்டு, "ம், மேல வாசி" என்றாள். வேர் வரைக்கும் வந்து நிறுத்தினேன்.

"அளவு போட்டிருக்கானா, பாருட்டி" என்றாள் அம்மா.

பார்த்தேன். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் புரட்டினேன். இல்லை என்றேன்.

"நல்லாப் பாரு."

"இல்லம்மா. அளவு ஒண்ணும் போடல."

"அளவு போடாம என்ன எழவுக்குப் புஸ்தகம் எழுதுதான்?" என்றாள் அம்மா. பின் வரிசைப் பெண் ஒருத்தி, அதானே என்றாள். மதினி தலையாட்டினாள். எல்லோரும் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாசிக்கத் தெரிந்தவர்கள் போல. எனக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. சித்தி போய் ஒரு வாரம் ஆகவில்லை, அதற்குள் அவளுக்குப் பிடித்த புத்தகத்தைக் குறை சொல்கிறார்களே என்று.