இருநூறு மீட்டரும் ஒரு பம்புசெட்டும்

கப்பலில் வேலை பார்க்கும் என் அண்ணன் எனக்கு வாங்கிவந்த கடிகாரம் அது. கடலுக்குள் மூழ்கி வேலை செய்கிறவர்கள் கட்டுவது. இருநூறு மீட்டர் ஆழம் வரை தண்ணீர் புகாது என்று அதன் முதுகில் பொறித்திருந்தது. காரைக்குடியில் கடல் இல்லை. என் மணிக்கட்டும் பருமனில்லை. "ஏத்தா, கையில கட்டத்தானா, செவுத்துல மாட்டக் கொண்டு போறியா?" என்று கோட்டையூர்ப் பேருந்தில் ஒரு பெண்மணி கேட்டார். பட்டிமன்ற மேடைகளில் ஆண்களுக்கு நடுவே அமர்ந்து அவர்களை மறுத்துப் பேசுகிறவள் நான். கேலிக்காக எதையும் கழற்றி வைத்துப் பழக்கமில்லை.

கண்டரமாணிக்கத்தில் ஒரு பட்டிமன்றம் முடித்த மறுநாள் காலை, என் மாமாவின் தோட்டத்துப் பம்புசெட்டில் கடிகாரத்தோடு குளித்தேன். மாலையில் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. அடுத்த நாள் அது மூன்று துளிகளாகத் திரண்டு, நிமிட முள் கடக்கும்போதெல்லாம் பளபளத்தது.

இருநூறு மீட்டர் தாங்குவேன் என்று எழுதிக்கொடுத்த பொருள், இடுப்பளவுத் தொட்டியில் தோற்றுவிட்டது. நிறுவனத்தின் பொய்யை அம்பலப்படுத்தப் போவதாக வீட்டிலும் என் பேச்சாளர் அணியிலும் அறிவித்தேன். இரண்டு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். "கடைக்காரர்கிட்ட சண்டை கிண்டை போட்றாத," என்று அண்ணன் தொலைபேசியில் கெஞ்சினார். சண்டைக்குப் போகவில்லை, வாதாடப் போனேன்.

அந்த நிறுவனத்தின் கடிகாரங்களை விற்றுப் பழுதும் பார்க்கிற கடை அது. கடைக்காரர் லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டார்.

"என்ன தங்கச்சி, இப்பக் கடலுக்குள்ளயும் மேடை போடுறாகளா?"

"பம்புசெட்டுலதான் குளிச்சேன். அதுக்கே இப்படின்னா, இந்த இருநூறு மீட்டர் யாரை ஏமாத்த?"

கடிதத்தை நின்றபடி வாசித்துக் காட்டினேன். வார் மாற்ற வந்திருந்த ஒருவர் கைதட்டினார். கடைக்காரர் தட்டவில்லை.

"பேச்சு நல்லாருக்கு. நேரம் எப்படி வைப்பீக, செஞ்சு காட்டுங்க."

செய்து காட்டினேன். மேடையேறுமுன் பக்கவாட்டுச் சாவியைத் தளர்த்தி இழுத்து, இரண்டு முட்களையும் பன்னிரண்டில் வைத்து ஓடவிடுவேன். எட்டு நிமிடம் கொடுத்தால் ஏழரையில் முடிப்பேன். நடுவரின் மணி என்னை உட்கார வைத்ததே இல்லை. இறங்கியதும் கைப்பேசியைப் பார்த்துச் சரியான நேரத்தை வைத்து, சாவியை உள்ளே தள்ளிவிடுவேன்.

"தள்ளுனாப் போதாது தங்கச்சி, திருகி மூடணும். கதவத் தெறந்து போட்டுட்டுத் தண்ணிக்குள்ள எறங்கிருக்கீக." பிறகு முகப்பைச் சுற்றியிருந்த வளையத்தைக் கட்டைவிரலால் நகர்த்தினார். "நிமிஷம் எண்ணத்தான் இந்த வளையமே. இந்த முக்கோணத்த நிமிஷ முள்ளுக்கு நேரா வச்சா முடிஞ்சுச்சு. சாவியத் தொடவே வேணாம்."

அந்த வளையத்தை நான் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். வார் மாற்ற வந்தவர் கூரையைப் பார்த்தார்.

கடைக்காரர் என்மேல் இரக்கப்பட்டார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு படிவத்தை எடுத்து, "தானா ஈரம் ஏறிருச்சுன்னு எழுதி அனுப்பிர்றேன். வாரண்டில மாத்திக் குடுத்துருவாக. ஊருக்குள்ள நீங்க சொன்னதும் சொன்னபடி நிக்கும்," என்றார்.

நிற்கும்தான். பொய்யர்கள் என்று யாரைக் கூவினேனோ, அவர்களுக்கு நானே ஒரு பொய் எழுதி அனுப்பினால் நிற்கும்.

"அப்படி எழுதாதீக. சாவியத் தெறந்து விட்டது நான்தான்னு எழுதுங்க."

"வாரண்டி போயிரும்."

"போகட்டும். கீழே இதையும் சேருங்க: சாவி தெறந்திருக்குன்னு தெரிய ஒரு செவப்புக் கோடுகூட இவுக வைக்கல. கடலுக்குள்ள இருக்கவனுக்கு அது எப்படித் தெரியும்?"

"இம்புட்டுக்கு இதுல எடமில்ல தங்கச்சி."

"குடுங்க, நான் எழுதிக்கிறேன்."

படிவத்தின் ஓரத்தில் தொடங்கி, மூலையில் திரும்பி, மேல்விளிம்பு வரை எழுதினேன். என் தவறையும் அவர்கள் தவறையும் எழுதி, இரண்டுக்கும் சேர்த்து ஒரே கையொப்பமிட்டேன். வீட்டிலும் அணியிலும் போய், சாவியை மூடாதவள் நான்தான் என்று, முன்பு முழங்கிய அதே குரலில் சொன்னேன். சிரித்தவர்கள் சிரித்து முடிக்கும்வரை நின்றேன்.

கடிகாரம் புது வாஷரோடு திரும்பி வந்தது. கூடவே வந்த தாளில், வாரண்டி செல்லாது என்று மட்டும் இருந்தது. சிவப்புக் கோட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

மீண்டும் எழுதியிருக்கிறேன்.