தம்பி போன நாடு

எங்கள் கிடங்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சர்டிபிகேட் அண்ணன் என்பார்கள். பெட்டி அடுக்குகளைத் தூக்கி வைக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுவது அவர் வேலை. கம்பெனி எந்தப் பயிற்சி வைத்தாலும் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்துவிடுவார். தீயணைப்பு, முதலுதவி, கம்ப்யூட்டர், கடைசியில் மாலைக் கல்லூரியில் ஒரு டிப்ளமோ. என்றாவது சூப்பர்வைசர் ஆக வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அவருடைய அப்பா அதே கிடங்கில் பெட்டி சுமந்தவர்.

"அப்பா தரையில நின்னாரு, நான் வண்டியில உக்காந்திருக்கேன், என் பொண்ணு மாடியில உக்காருவா" என்று டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். மாடியில்தான் ஆபீஸ்.

டிப்ளமோ கைக்கு வந்த வருஷம், சூப்பர்வைசருக்குப் பட்டம் வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். வந்து உட்கார்ந்தது டைரக்டருடைய மைத்துனரின் மகன். நல்ல பையன்தான். அதுதான் இன்னும் எரிச்சல், வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை.

அண்ணனின் தம்பியும் ஒரு காலத்தில் எங்களோடு வண்டி ஓட்டியவன். கல்யாணமானதும் மனைவியின் நாட்டுக்குப் போய்விட்டான். அதுவும் எங்களுடையதைப் போலவே பணக்கார நாடு. கண்ணாடிக் கட்டடங்கள், வழுவழுவென்ற சாலைகள். அங்கேயும் ஃபோர்க்லிஃப்ட்தான் ஓட்டினான். போன வருஷம் அவனுக்குக் கால் முறிந்தது. பார்க்கப் போன அண்ணன் திரும்பி வந்தபோது முகமே சரியில்லை.

"தம்பிக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டேன்.

"அவனுக்கென்ன, ராஜா மாதிரி படுத்திருக்கான். சம்பளம் வீடு தேடி வருது" என்றார். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

தம்பியைப் பார்க்க அவனுடைய மேனேஜர் சைக்கிளில் வந்திருக்கிறார். சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசியிருக்கிறார். அவர் போனதும் அண்ணன் கேட்டிருக்கிறார்.

"உங்க மேனேஜர் வீடு எங்கடா?"

"பின்னாடி தெருதாண்ணே. அவர் பொண்ணும் என் பையனும் ஒரே கிளாஸ்."

"சம்பளம் உன்னைவிட எத்தனை மடங்கு?"

"ரெண்டு மடங்கு இருக்கும். அதுலயும் பாதி வரியில போயிரும். புலம்பிக்கிட்டேதான் இருப்பாரு."

எங்கள் மேனேஜர் வீடு எங்கே என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. மதில் கட்டி, கேட்டில் காவலுக்கு ஆள் போட்ட குடியிருப்பு என்று கேள்வி.

"அப்போ நீயும் மேல போயிருவியா?" என்று அண்ணன் விடவில்லை.

"நான் எங்கண்ணே போனேன்? அதே வண்டி, அதே சீட்டு. மேனேஜர் பொண்ணு இங்கயும் மேனேஜராதான் ஆவா. ஆனா இங்க படி உயரம் கம்மி. என் பையன் கால் வைச்சா எட்டும். எட்டலன்னாலும் விழுந்து சாகமாட்டான்."

இதைச் சொல்லும்போது அண்ணனுக்குத் தம்பி மேலேயே கோபம். "ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே வேலை பாக்குறோம். நான் என்னத்தக் கொறைச்சேன்?" என்றார்.

அந்த நேரத்தில்தான் அவர் மகளுக்கு வேலை வந்தது. கட்டட வரைகலை படித்தவள், கெட்டிக்காரி. நகரின் நடுவில் ஒரு பெரிய நிறுவனம் அவளை எடுத்துக்கொண்டது. முதல் வருஷம் பயிற்சி, சம்பளம் கிடையாது. அந்தப் பக்கம் ஓர் அறைக்கு வாடகை கொடுக்க அண்ணனின் சம்பளம் முழுதும் போதாது. எங்கள் புறநகரிலிருந்து தினம் போய்வரவும் முடியாது. அவள் வேண்டாமென்று சொன்ன இடம், அங்கேயே வீடு வைத்திருக்கும் கூடப் படித்தவளுக்குப் போனது.

மறுநாள் அண்ணன் வண்டியை நடுவழியில் நிறுத்திவிட்டு மாடியேறிவிட்டார். பதறிப்போய் நானும் பின்னால் ஓடினேன்.

"ஒரு வருஷம் சம்பளமே இல்லாம யாரால சார் வேலை செய்ய முடியும்?" என்று மேனேஜரிடம் கேட்டார்.

"அனுபவம் கிடைக்குமே. நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்."

"அப்போ உங்களுக்கு யார் சார் சோறு போட்டா?"

மேனேஜர் மேசையிலிருந்த காகிதங்களை நேராக்கி அடுக்கினார். "அப்பாதான்" என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன்.

அண்ணன் இறங்கி வந்தார். அன்று இரண்டு அட்டைப்பெட்டி அடுக்கை இடித்துச் சாய்த்தார். அவர் கையில் அப்படி ஆனதே இல்லை.

மகள்தான் முடிவெடுத்தாள். "சித்தப்பா ஊர்ல பயிற்சிக்கே சம்பளம் தராங்கப்பா. நான் போறேன்."

"ஒரு பணக்கார நாட்டுலேர்ந்து இன்னொரு பணக்கார நாட்டுக்குப் பொழைக்கப் போறியா? கேக்குறவன் சிரிப்பான்டி."

"சிரிக்கட்டும்பா."

போய்விட்டாள். சம்பளத்தோடு பயிற்சி இடம் கிடைத்துவிட்டதென்று நாலைந்து மாதம் கழித்துப் போன் செய்தாள். அண்ணனின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணனும் நல்லா இரும்மா, நல்லா இரும்மா என்று இரண்டு தடவை சொன்னார். பேசி முடித்ததும் போனை மேசையில் டொம்மென்று போட்டாராம்.

"நல்ல சேதிதானே? போன் என்ன பண்ணிச்சு?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"நல்ல சேதிதான். ஆனா அவ இங்கதானே படிச்சா? இங்கதானே நான் இத்தனை வருஷம் ஓட்டினேன்?" என்றவர், செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.