அவிழ்ந்ததும் அவிழ்த்ததும்

துறைமுகத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கப்பல் கரையை ஒட்டும்போது மேலிருந்து வீசும் வடத்தைப் பிடித்து இரும்புத் தூணில் கட்டுவது அவருடைய வேலை. முப்பத்தோரு வருடங்களில் அவர் கட்டிய ஒரு கப்பல்கூடத் தானாக அவிழ்ந்து நகர்ந்ததில்லை. அதனால் ‘முடிச்சு’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. நாங்கள் குடியிருந்த கட்டடத்திலும் அதே பெயர்தான். மின்கட்டணச் சீட்டு வந்தால்கூட, “முடிச்சுக்கு ஒண்ணு வந்திருக்கு” என்று படிக்கட்டில் குரல் கேட்கும்.

கப்பல் சங்கொலியில் அவருக்கு இடது காது போயிருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் வடத்துக்கும் தூணுக்கும் நடுவே சிக்கி, வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காமல் போயின. அதற்குப் பிறகு பேனா பிடிக்க வரவில்லை. முடிச்சு மட்டும் போட வந்தது. “மிச்ச விரலும் பல்லும் இருக்கே, போதாதா?” என்பார்.

அவருடைய நாயின் பெயர் தபால். மழையில் தபால் பெட்டிக்கு அடியில் கிடைத்த குட்டி. “முகவரி இல்லாம வந்துச்சு. அனுப்பினவனுக்கே திருப்பி அனுப்பவும் வழியில்ல” என்று யார் கேட்டாலும் சொல்லுவார்.

ஊருக்குப் பின்னால் மலை கடலிலிருந்து நேராக எழுந்து நிற்கும். அதில் நாய்களோடு போக மூன்று பாதைகள் உண்டு. பாதை அலுவலகத்தில் பதிந்தால் எண் போட்ட ஒரு தகர வில்லை தருவார்கள். அது கழுத்துப் பட்டையில் தொங்க வேண்டும். முடிச்சு ஒவ்வொரு ஞாயிறும் தபாலோடு ஏறுவார். மலையில் அவருடைய இடது காது அந்த நாய்தான். பின்னால் சைக்கிள் வந்தாலோ, மேலே கல் உருண்டாலோ தபால் நின்று திரும்பும்; அவர் ஒதுங்குவார். நாய் இல்லாமல் தனியாக ஏற வேண்டாமென்று மருத்துவரே சொல்லியிருந்தார்.

நான் அந்த ஊருக்குப் புதியவன். எனக்கு நாயென்றால் பயம், உயரமென்றால் தலைசுற்றல், குடியுரிமை அலுவலகத்தின் கடிதமென்றால் இரண்டும். என்னையும் ஒருநாள் இழுத்துப்போய்க் கயிற்றைக் கையில் கொடுத்தார்.

“நான் பயப்படுறது அதுக்குத் தெரிஞ்சிரும்ணே.”

“தெரிஞ்சா தெரியட்டும். அது யார்கிட்டயும் போய்ச் சொல்லாது.”

வெயில் காலத்தில் பாறையில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் நாயை நடத்துவார். கடல் தண்ணீரைக் குடிக்க விடமாட்டார். இறங்கி வந்ததும் காது மடலைத் திருப்பி உண்ணி பார்ப்பார். இந்தச் சில்லறை அறிவெல்லாம் இப்போது ஒரு சின்னப் புத்தகத்தில் அச்சில் இருக்கிறது. எழுதியவர் பெயர் முடிச்சு அல்ல.

எழுதியவர் அவருடைய மனைவியின் தம்பி. முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஊருக்கே வாத்தியார். கடைப் பலகையில் ஒற்று விட்டுப்போனால் உள்ளே போய்க் கடைக்காரரை வெளியே கூட்டிவந்து காட்டுவார். பாதைக் குழுவுக்குச் செயலாளரும் அவர்தான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவர் அழைப்பு மணியை அடித்தால் தபாலுக்கு வால் நிற்காது.

“அத்தான், கடையில நல்ல கொக்கி வெச்ச வார் விக்கிறான். இன்னும் எதுக்கு இந்தக் கப்பல் கயிறு?”

“கொக்கி கடல் காத்துல துருப்பிடிச்சிரும் மச்சான். நீ பசங்க வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வெச்சுக்க. நாய்க்கு நான் முடிச்சு வெச்சுக்கிறேன்.”

மச்சானின் படிப்பின் மேல் முடிச்சுக்கு அப்படியொரு மரியாதை. வங்கிப் படிவம், மருத்துவமனைப் படிவம், எதுவானாலும் மச்சான் எழுதுவார், இவர் கையெழுத்து என்ற பெயரில் ஒரு கோணல் கோடு இழுப்பார்.

நடுப்பாதையில் கடலைப் பார்த்த ஒரு வளைவு உண்டு. அங்கே சரளைக் கற்களின் மேலேயே பறவைகள் முட்டையிடும். அந்த மூன்று மாதங்கள் நாய்கள் கயிற்றில்தான் இருக்க வேண்டும். கயிறு தானாக அவிழ்ந்துபோனால் எச்சரிக்கையும் ஒரு மாதத் தடையும். யாராவது வேண்டுமென்றே அவிழ்த்துவிட்டால் வில்லையைப் பிடுங்கிக்கொள்வார்கள். அந்த நாய்க்கு மூன்று பாதைகளும் ஆயுளுக்கும் மூடல்.

அந்த ஞாயிறு நான் கூடப் போகவில்லை; நடந்ததைப் பிறகுதான் கேட்டேன். வளைவில் நின்று, கயிற்றை மச்சான் கையில் கொடுத்துவிட்டு, முடிச்சு ஊற்றுக்குப் போனார். நாற்பது அடி தூரம்கூட இருக்காது. பாட்டிலில் தண்ணீர் பிடித்துத் திரும்பும்போது தலைக்குமேல் பறவைகள் கத்திக்கொண்டு சுழன்றன. தபால் சரளைக்கு நடுவே நின்றது. மச்சான் கையில் வெறும் கயிறு.

“அத்தான்! உங்க முடிச்சு அவிழ்ந்துருச்சு!”

முடிச்சு கயிற்றின் நுனியைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைப் பார்த்தார். வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

நான்கு கூடுகள் போயிருந்தன. பாதைக்குக் காவலராக இருந்த ஒரு அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, மாலைக்குள் எழுத்தில் வாக்குமூலம் வேண்டும் என்றார். கீழே, வண்டி நிறுத்துமிடத்து பெஞ்சில் மச்சான் எழுதினார். முடிச்சு சொன்னது இரண்டே வரி: “வளைவுகிட்ட நாயோட கயிறு அவிழ்ந்துருச்சு. என் தப்புதான்.”

எழுதி முடித்துத் தாளை நீட்டினார் மச்சான். “ஒரு தடவை படிச்சிருங்க அத்தான்.”

“நீ எழுதினதை நான் படிச்சா, அது உனக்கு மரியாதையா?” என்று கோணல் கோட்டை இழுத்துவிட்டார்.

மறுநாள் துறைமுகத்தில் மேற்பார்வையாளரிடம் போய், “என்னைக் கட்டுற வேலைல போடாதீங்க. சரக்குக் கிடங்குல போடுங்க” என்றாராம். என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, “நாயையே கட்ட வரல. கப்பல் எப்படி?” கேட்டவர் சிரித்திருக்கிறார். இவர் சிரிக்கவில்லை. அந்தப் பத்து நாளும் சாப்பிட்டுக் கைகழுவியதும் சமையலறை நாற்காலிக் காலில் கயிறு கட்டுவார்; இழுப்பார்; நிற்கும். மறுபடி கட்டுவார், நிற்கும். ஒவ்வொரு முறையும் நின்றது. அதையும் அவர் நம்பவில்லை. அவருடைய மனைவி பாத்திரம் துலக்கியபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் மாலை ஐந்து மணிக்குப் பாதைக் குழு கூடியது. நாய் வளர்க்காவிட்டாலும் வருடச் சந்தா கட்டியிருந்ததால் நானும் கடைசி வரிசையில் இருந்தேன். காவலரம்மா வாக்குமூலத்தைப் படித்தார்:

“வளைவின் அருகே நாயின் கயிறு அவிழ்த்து விட்டது என் தவறுதான்.”

முடிச்சு வலது காதைத் திருப்பினார். “திரும்பப் படிங்கம்மா.”

படித்தார். அதே வாக்கியம்.

எழுந்து போய்த் தாளை வாங்கினார். கண்ணாடியை மாட்டி, மடங்காத விரலை ஒரு எழுத்தின் மேல் வைத்தார். “மச்சான், இது ‘ந்’தா, ‘த்’தா?”

அறையில் லேசாகச் சிரிப்பு. வாத்தியார் சிரிக்கவில்லை. “அவசரத்துல எழுதினது அத்தான். கைத்தவறு.”

ரொட்டிக் கடைக்காரர் ஒருவர், அவரிடம் படித்தவர், முன்வரிசையிலிருந்து எழுந்தார். “சார், தன்வினை பிறவினையில இந்த ஒரு எழுத்துக்குத்தானே என்னைப் பெஞ்சு மேல ஏத்துனீங்க? ‘அவிழ்ந்தா அது விதி, அவிழ்த்தா அது நீ’ன்னு அம்பது தடவை எழுத வெச்சீங்களே! உங்களுக்கே கை தவறுமா?”

இப்போது நன்றாகவே சிரித்தார்கள். காவலரம்மா மேசையைத் தட்டினார். “கைத்தவறுன்னா திருத்திக்கலாம். தானா அவிழ்ந்துச்சுன்னு எழுதிக்கிறேன். அப்ப கயிறு யார் கையில இருந்துச்சு?”

அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த எழுத்து மாறியிருக்கிறது என்று அந்த நிமிடம் எனக்கே புரிந்தது. முடிச்சுக்கு அதற்கு மேலும் புரிந்திருக்க வேண்டும். தான் அவிழ்க்கவில்லை. தானாக அவிழ்ந்திருந்தால் எழுத்தை மாற்ற வேண்டிய தேவையில்லை. மீதி இருப்பது ஒரே ஆள்.

“உன் கையிலதானே கொடுத்துட்டுப் போனேன்?” என்றார். குரலை உயர்த்தவில்லை.

வாத்தியார் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். அதில் அவருடைய புத்தகம் வரப்போகும் செய்தி ஒட்டியிருந்தது. பிறகு காவலரம்மாவிடம் திரும்பி, “எழுதினது சரிதான்” என்றார். “அத்தான்தான் அவிழ்த்துவிட்டார், நாய் கொஞ்சம் ஓடட்டும்னு. குடும்பமாச்சேன்னு கைத்தவறுன்னு சொல்லிப் பார்த்தேன்.”

முடிச்சு தாளைக் காவலரம்மா பக்கம் நீட்டினார். “உங்க கையெழுத்து இருக்கே ஐயா,” என்றார் காவலரம்மா, வருத்தமாகத்தான்.

ரொட்டிக் கடைக்காரர் அடங்கி உட்கார்ந்துவிட்டார். புரிந்ததைச் சொல்ல நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த ஊரில் எந்தத் தாளிலும் என் பெயர் ஒரு சிக்கலோடு சேர்ந்து வந்துவிடக்கூடாது என்ற பயம். இன்றைக்கும் அதற்கு வேறு சமாதானம் என்னிடம் இல்லை. வில்லையை அவரே கழற்றிக் கொடுத்தார். தபால் அவர் கையை நக்கியது.

வீட்டில் நடந்ததை அவர் பிறகு ஒருநாள் அலைதடுப்புச் சுவரில் உட்கார்ந்து சொன்னார். மனைவியிடம், “உன் தம்பி என்ன பண்ணான் தெரியுமா?” என்று ஆரம்பித்திருக்கிறார்.

“தெரியும்.”

“எப்ப தெரியும்?”

“அன்னிக்குச் சாயங்காலமே வந்து அழுதான். புத்தக அட்டைக்குப் படம் எடுக்கணும்னு அவிழ்த்தானாம். கயிறு படத்துல அசிங்கமா விழுந்துச்சாம். செயலாளரே அவிழ்த்தார்னு தெரிஞ்சா புத்தகமும் போகும், பேரும் போகும்னான். நான் என்ன பண்ண? உங்களுக்குப் போனது நாய் நடக்குற பாதைதானே. கடற்கரையில நடங்களேன்.”

“பாதையை விடு. பத்து நாளா நாற்காலிக் காலைக் கட்டிக் கட்டிப் பார்த்தேனே. என் கை செத்துப்போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேனே. அதைப் பார்த்துக்கிட்டுத்தானே பாத்திரம் துலக்கின?”

அந்த அம்மாள் துலக்கிய பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் துலக்கினாராம். “அன்னிக்கே சொல்லியிருந்தா சண்டை போட்டு முடிச்சிருப்பேன்,” என்றார் என்னிடம். “சொல்லாததோட எப்படிச் சண்டை போடுறது?”

மறுநாளே மேற்பார்வையாளரிடம் போய்த் திரும்பக் கட்டுவேலைக்கு வந்துவிட்டார். கை சரியாகிவிட்டதா என்று கேட்டவரிடம், “கைக்கு ஒண்ணுமில்ல. அது எப்பவும் சரியாத்தான் இருந்திருக்கு,” என்றாராம்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. நான் பால் வாங்கிக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தேன். வாத்தியார் வாசலில் நின்றார். கதவைத் திறந்த முடிச்சு, காலணி போட்டுக் கிளம்பும் நிலையில் இருந்தார். தபால் வாத்தியாரின் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து வாலை ஆட்டியது. அதற்கு என்ன தெரியும்?

“அத்தான், அக்கா எல்லாத்தையும் சொல்லிட்டாளாம். ஏன்டா இப்படிப் பண்ணேன்னு ஒரு வார்த்தை கேளுங்க. ரெண்டு அடி வேணும்னாலும் அடிங்க.”

முடிச்சு குனிந்து கழுத்துப் பட்டையில் கயிற்றைக் கட்டினார். பல்லால் ஒருமுறை இறுக்கினார்.

“கேக்க மாட்டீங்களா?”

“கேட்டா நீ சொல்லுவ. நல்லா பேசத் தெரிஞ்சவன். நீ சொன்னா நான் நம்பிருவேன் மச்சான். அதான் கேக்கல.”

என்னையும் வாத்தியாரையும் தாண்டி, நாயை இழுத்துக்கொண்டு இறங்கினார். தெருமுனையில் மலைப் பக்கம் திரும்பும் இடத்தில் தபால் பழக்கத்தில் நின்றது. அவர் கயிற்றைச் சுண்டி, துறைமுகப் பக்கம் நடந்தார். இரண்டு முறை சுண்ட வேண்டியிருந்தது.