அஞ்சுக்கு அஞ்சு

கண்டிக்கு மேலே, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த ஒரு பிரதேச சபையில் எனக்கு இரண்டு வருடம் ஒப்பந்த வேலை. குப்பை, தண்ணீர், வீதி விளக்கு என்று சபையின் ஒவ்வொரு சேவைக்கும் ஐந்துக்கு எத்தனை புள்ளி என்று, தோட்டத் தொழிலாளர்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும்.

முதல் வருடம் ஓர் அக்கா பிளேன்டீயை நீட்டிக்கொண்டே எல்லாவற்றுக்கும் ஐந்து போடச் சொன்னார். அவர் லயத்துக்கு ஏறும் வளைவில் விளக்கே கிடையாது. கண்டியில் புடவைக் கடையில் வேலை செய்யும் மகள் பொழுது சாய்ந்துதான் பஸ்ஸில் வந்து இறங்குவாள். அவள் வந்து சேரும்வரை வாசலிலேயே நிற்பதாக அக்காவேதான் சொன்னார்.

"லைட்டே இல்லையே அக்கா, அதுக்குமா அஞ்சு?"

"இம்புட்டுத் தூரம் மேடேறி வந்திருக்கீங்க தம்பி. கொறைச்சுப் போட்டா ஒங்க வேலை என்னாவுறது?"

புள்ளி எனக்கென்று நினைத்துவிட்டார்கள். புள்ளி சபைக்குத்தான் என்று எடுத்துச் சொன்னேன். லயமே தலையாட்டிக் கேட்டுவிட்டு ஐந்தையே போட்டது. அந்த வருடம் சபை ஒரு சான்றிதழ் வாங்கிக் கண்ணாடி போட்டு மாட்டியது. விளக்குக் கேட்டு லயத்தார் கொடுத்த மனு, அங்கே மக்களுக்கு முழுத் திருப்தி என்ற பதிலோடு திரும்பி வந்தது. எனக்கு வந்த கோபத்தில் பாதி என்மேலேயே.

அடுத்த வருடம் வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். "அக்கா, இந்தத் தடவை கொறைச்சுப் போட்டாத்தான் எனக்கு வேலை நிரந்தரமாகும்."

பாசம் கொட்டியது. ஒழுங்காகத் தண்ணீர் வந்த குழாய்க்குக்கூட ஒன்று. இரண்டு போடப் பார்த்த அடுத்த வீட்டுக்காரரை அக்கா அதட்டினார். "தம்பி பொழைப்பக் கெடுக்காதீங்க."

படிவங்களைப் புரட்டிய செயலாளர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மேலிடம் கேட்குமுன் எதையாவது செய்தாக வேண்டுமே. மூன்றாவது வாரம் வளைவில் விளக்கு எரிந்தது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

சில மாதம் கழித்துக் கண்டி பஸ் நிலையத்தில் அக்காவையும் மகளையும் கண்டேன்.

"வேலை நிரந்தரமாகிருச்சா தம்பி?"

"ஆகிருச்சு அக்கா."

அக்காவின் முகம் மலர்ந்தது. பேச்சை மாற்ற, விளக்கு எரிகிறதா என்று கேட்டேன்.

"நல்லா எரியுது. ஒங்களுக்காக அவங்களுக்கு ஒண்ணு போட்டோம், பாவம், அதையும் பாக்காம லைட்டுப் போட்டுக் குடுத்துட்டாங்க. அடுத்த தடவ வாங்க தம்பி, அஞ்சு போட்டுருவோம்."