மேடைக்குப் போன மிளகுப் பால்

என் மருமகள் பெங்காலிப் பெண். பாடுவது இங்கிலீஷ் பாட்டு. கன்ட்ரி, ப்ளூஸ் என்று சொல்கிறார்கள். கிடாரை மாட்டிக்கொண்டு நின்றபடியே பாடுவாள். அன்றைக்கு வெள்ளைக்காரன் காலத்துப் பழைய ஹாலில் அவளுடைய கச்சேரி. அங்கே பாட வேண்டும் என்று வெகு நாளாக ஆசை அவளுக்கு. காலையில் எழுந்தால் தொண்டை கட்டியிருந்தது.

"மா, எல்லாம் போச்சு" என்றாள். பாதிக்கு மேல் காற்றுதான் வந்தது.

மிளகைத் தட்டிப் போட்டு, பனங்கற்கண்டு சேர்த்துப் பால் காய்ச்சிக் கொடுத்தேன். மத்தியானம் இன்னொரு தரம். குரல் கொஞ்சம் திறந்தது. சாயங்காலம் கிளம்பும்போது பிளாஸ்கிலும் ஊற்றிக்கொண்டேன். இந்தப் பெங்காலி ஊரில் நம் தமிழ்க்காரர்கள் நடத்தும் கச்சேரிகளில் பாடுகிறவர் பக்கத்தில் பிளாஸ்க் இல்லாமல் நான் பார்த்ததில்லை.

மகன் சிரித்தான். "அம்மா, சம்மணம் போட்டுப் பாடற கச்சேரியா இது?"

"தொண்டை எல்லாருக்கும் ஒண்ணுதானேடா."

என்னை முன்வரிசையில் உட்கார்த்திவிட்டு அவன் பின்னால் மைக் வேலையைப் பார்க்கப் போய்விட்டான். மூன்று பாட்டு நன்றாகப் போயிற்று. நாலாவதில் மேலே ஏறும்போது குரல் பிசிறி நின்றுவிட்டது. பக்கத்திலிருந்த கிடார்காரர் தனியாக வாசித்துச் சமாளித்தார். அவள் குனிந்து ஐஸில் கிடந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

நாலு பேர் இருந்தால் வாய் திறக்காதவள் நான். எப்படி எழுந்தேனோ, பிளாஸ்கிலிருந்து டம்ளரில் பாலை ஊற்றி, மேடைப் படி ஏறிப் போய் நீட்டினேன்.

"ஜில்லுனு குடிக்காதேடி!"

மைக் அதைப் பிடித்துக்கொண்டது. ஹால் முழுக்கக் கேட்டது. கொல்லென்று சிரிப்பு. அவளும் சிரித்தபடி வாங்கிக் குடித்துவிட்டு, மைக்கில் என்னைக் காட்டி, "என் மாமியார்" என்று பெங்காலியில் சொன்னாள். கைதட்டினார்கள். எனக்கு எங்கேயாவது ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. திரும்பி நாற்காலிக்குப் போகத் தைரியம் வராமல், திரைக்குப் பின்னால் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

அவள் சுருதியை இறக்கச் சொல்லி, அதே பாட்டை முதலிலிருந்து எடுத்தாள். கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஊரை விட்டுப் போகிற யாரோ ஒருத்தரைப் பற்றின பாட்டு என்று மகன் பிறகு சொன்னான். எனக்கு வார்த்தை ஒன்றும் புரியவில்லை. அந்த மேலேறுகிற இடம் வந்தபோது புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். உடையாமல் ஏறிவிட்டாள்.