பிரேக்கைக் கேட்காத பெட்டி

இதை நான் இதுவரை மூன்று பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன். அவர்களில் ஒருவர் போலீஸ் ஏட்டு. எழுதிக்கொண்டே வந்தவர் பாதியில் பேனாவை மூடிவிட்டு, "குடிச்சிருந்தியா?" என்று கேட்டார். இல்லை. 1983 நவம்பர் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, காலையில் குடித்த ஒரு டம்ளர் தேநீரைத் தவிர என் வயிற்றில் எதுவும் இல்லை. நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒரு சொல்கூடச் சேர்க்கவில்லை.

என் பெயர் எல்லப்பன். எழுபத்து நாலில் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவன். அங்கே லாரி ஓட்டினேன். இங்கே நீலகிரியில் பிக்கட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் டிரைவர் வேலை கிடைத்தது. முதலாளி பாலசுப்பிரமணியம் கோயம்புத்தூர்க்காரர். மாதம் இரண்டு முறை மலையேறி வருவார்.

அந்த வருஷம் ஆவணியில் அவர் ஒரு பழைய வெளிநாட்டுக் காரை வாங்கி வந்து எஸ்டேட்டில் நிறுத்தினார். சென்னையில் ஒரு வியாபாரியிடம் எடுத்தது. சாம்பல் நிறம். இடது பக்க முன் சீட்டுக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகம் அகலத்துக்கு அலுமினியப் பெட்டி இருந்தது. அதுதான் கம்ப்யூட்டர் என்றார்கள். என்ஜினுக்கு எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், கதவுகள் எப்போது பூட்ட வேண்டும், எல்லாவற்றையும் அதுதான் முடிவு செய்யும். ஒரு பொத்தானை அமுக்கினால், ஓடுகிற வேகத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். காலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும், பிடியை விட்டுவிடும்.

அப்படித்தான் விட வேண்டும்.

குன்னூரில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிற லோயிஸ் ஒருநாள் வந்து பெட்டியைக் கழற்றினார். நான் டார்ச் பிடித்தேன். வெகு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லப்பா, பிரேக்கில இருந்து பெட்டிக்கு வர்ற ஒயரை யாரோ வெட்டியிருக்காங்க. வெட்டின முனையில ஈயத்தை வேற உருக்கி வெச்சிருக்கு. தெரிஞ்சு பண்ணின வேலை. நீ பிரேக்கை மிதிச்சாலும் பெட்டிக்குத் தெரியாது."

அவர் அந்த ஒயரை இணைத்துவிட்டார். அன்றிலிருந்து வண்டி ஒரு குழியில் இறங்கினாலே என்ஜின் அணைந்தது. முதலாளிக்கு எரிச்சல். லோயிஸ் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "ஏனுங்க, முன்னால நல்லாத்தானுங்க ஓடிட்டிருந்துது? பழையபடியே உட்டுருங்க. அந்தப் பொத்தானை யாரும் தொடாம இருந்தாச் சரியாப் போச்சு" என்றார்.

லோயிஸ் மறுபடியும் வெட்டினார். அப்போதும் நான்தான் டார்ச் பிடித்தேன். வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் பதினேழு. பிற்பகல் 3.40. தேயிலை ஃபேக்டரிக்குள்ளிருந்து ஓர் அலறல். நான் ஓடியபோது மெஷினை நிறுத்தியிருந்தார்கள். வாடிய கொழுந்தைத் தள்ளிக் கொடுக்கும்போது பொன்னாயியின் வலது கை, கொழுந்தை நசுக்குகிற ரோலரில் போய்விட்டது. மணிக்கட்டுக்குக் கீழே கை என்று சொல்ல எதுவும் இல்லை. அவளுடைய புருஷன் பரமசிவன் ஃபேக்டரி அடுப்பில் விறகு தள்ளுகிறவன். சாக்கைக் கிழித்து அவள் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். கப்பலிலிருந்து இறங்கியதும் எங்களைத் தங்கவைத்த மண்டபம் முகாமில் நானும் அவனும் பக்கத்துப் பக்கத்து அறை. பொன்னாயி அங்கே எனக்கும் சேர்த்துத்தான் சோறு பொங்குவாள்.

எஸ்டேட் ஜீப் மேட்டுப்பாளையம் போயிருந்தது. இருந்தது அந்தக் கார் மட்டும்தான். சாவி கிளார்க் மருதாசலத்தின் கையில்.

"ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படிங்க..."

"கேட்டுக்கிட்டு இருந்தா இது செத்துப் போயிரும்யா!"

பரமசிவன் சாவியைப் பிடுங்கி என்னிடம் எறிந்தான்.

4.05-க்குக் குன்னூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். பின் சீட்டில் பொன்னாயி. பக்கத்தில் அவளுடைய கையைத் தூக்கிப் பிடித்தபடி பரமசிவன். கடுமையான மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. விளக்கைப் போட்டேன். ரோட்டுக்குப் பதிலாக வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது.

4.11. டக்.

நான்கு கதவுகளும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொண்டன. எப்போதும் வண்டி நகர்ந்த உடனே பூட்டும். அன்றைக்கு ஆறு நிமிஷம் கழித்து. ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

4.14. முதல் வளைவு. வேகத்தைக் குறைக்கக் காலை எடுத்தேன். முள் இறங்கவில்லை. நாற்பதிலேயே நின்றது. பொத்தானைப் பார்த்தேன். நான் அதைத் தொடவே இல்லை. ஆனால் அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பச்சை இறைச்சி வாடை வந்தது. பொன்னாயியின் ரத்தம் என்று நினைத்தேன். ஆனால் வாடை பின்னாலிருந்து வரவில்லை. இடது பக்கத்திலிருந்து வந்தது.

"அண்ணே..." பரமசிவன் மெதுவாகக் கேட்டான். "முன்னுக்கு யாரு?"

"யாருமில்ல."

திரும்பிப் பார்த்தேன். இடது சீட் காலிதான். ஆனால் மெத்தை அமுங்கியிருந்தது. அந்தப் பக்கத்துக் கண்ணாடியில், உட்புறம், மூச்சுப் பட்டதுபோல ஒரு வட்டம். பெரிதானது... சுருங்கியது... மறுபடி பெரிதானது.

பிரேக்கை மிதித்தேன். என்ஜின் உறுமியது. வண்டி நடுங்கிக்கொண்டே முப்பதுக்கு இறங்கியது. பிரேக் கருகும் நாற்றம். முள் திரும்ப ஏறியது. முப்பத்தைந்து... நாற்பது...

சாவியைத் திருப்பினேன். உருவியும் எடுத்துவிட்டேன்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

4.17. பொன்னாயி கத்தினாள். "கைய விடச் சொல்லுங்க! அந்தாளு இழுக்கிறான்!"

கண்ணாடியில் பார்த்தேன். அவள் கையில் கட்டியிருந்த சாக்குத்துணி விறைப்பாக முன்பக்கம் நீண்டிருந்தது, யாரோ மறுமுனையைப் பிடித்து இழுப்பதுபோல. பரமசிவன் இரண்டு கையாலும் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தான். துணி அறுந்தது. ரத்தம் என் பிடரியில் அடித்தது. எதிர்க் கண்ணாடியில் தெறித்தது.

அதைத் துடைக்கக் கையை எடுக்கப் பார்த்தேன்.

முடியவில்லை.

ஸ்டியரிங்கில் என் கைமேல் இன்னொரு கை. கண்ணுக்குத் தெரியவில்லை. சில்லென்று இருந்தது. என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது. பின்னால் மடக்கியது.

டக்.

அடுத்த விரல்.

டக்.

ஊளையிட்டேன். ஆனால் ஸ்டியரிங்கை விடவில்லை. இடது பக்கம் அறுநூறு அடிப் பள்ளம்.

"பெட்டி... சீட்டுக்குக் கீழ... ஒடைடா!"

என் சீட்டுக்குப் பின்னால் வீல் ஸ்பேனர் கிடந்தது. பரமசிவன் அதை எடுத்துக்கொண்டு இரண்டு சீட்டுக்கும் நடுவே முன்னால் பாய்ந்தான். இடது சீட்டில் விழுந்தான்.

இல்லை.

சீட்டில் விழவில்லை. அதற்கு ஒரு சாண் மேலேயே அவன் உடம்பு நின்றுவிட்டது.

யார் மடியிலோ.

அவன் முகத்தைப் பார்த்தேன். அவனுக்கும் புரிந்துவிட்டது. இருந்தும் குனிந்தான். ஓங்கி அடித்தான்.

ஒன்று.

இரண்டு.

மூன்று...

பெட்டி உடைந்தது. என்ஜின் நின்றது.

சக்கரங்கள் உருளும் சத்தம் மட்டும். உடம்பையே பிரேக்கில் இறக்கினேன். வண்டி வழுக்கிப் போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் மெதுவாக முட்டியது. மணி 4.22.

டக். நான்கு கதவுகளும் திறந்துகொண்டன.

"பரமசிவா..."

இடது சீட்டில் நேராக உட்கார்ந்திருந்தான். நெஞ்சு என்னைப் போலவே ரோட்டைப் பார்த்திருந்தது.

முகம் பொன்னாயியைப் பார்த்திருந்தது.

அப்படியே முழுதாகப் பின்னால்.

கேத்திக்குக் காரட் ஏற்றப் போன லாரி ஒன்று எங்களைக் குன்னூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தது. பொன்னாயி பிழைத்தாள். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காரின் முன்பக்கம் இரண்டு அங்குலம்தான் நசுங்கியிருந்தது. இந்த இடிக்கு ஒரு மனிதனின் கழுத்து அப்படித் திரும்பாது என்று டாக்டர் ஏட்டிடம் சொன்னதை நானே கேட்டேன். ஏட்டு 'விபத்து' என்றுதான் எழுதினார்.

பதினாறாம் நாள் முடிந்து பொன்னாயியைப் பார்க்கப் போனேன். ஒயர் விஷயத்தைச் சொன்னேன். வெட்டியது, இணைத்தது, முதலாளி சொன்னது, மறுபடி வெட்டியது, எல்லாவற்றையும். நான் பக்கத்திலேயே நின்று டார்ச் பிடித்ததையும். அவள் அழவில்லை. இவ்வளவுதான் சொன்னாள்:

"நீங்க டார்ச்சப் புடிச்சீங்க. அவரு என்னையப் புடிச்சாரு. போயிட்டு வாங்கண்ணே."

அதற்குப் பிறகு நான் கார் ஓட்டவில்லை.

லோயிஸும் தூங்கியிருக்க மாட்டார் போல. அந்தச் சென்னை வியாபாரிக்கு நாலு கடிதம் போட்டிருக்கிறார். ஒன்றுக்கும் பதில் இல்லை. மறு வருஷம் ஜூலையில் ஓர் ஆள் அவருடைய பட்டறையைத் தேடி வந்தான். வேலாமணி என்று பெயர். அந்த வியாபாரியிடம் வேலை பார்த்துவிட்டு விலகியவன். லோயிஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வேலாமணி தேநீரைத் தொடாமல் பேசினான். எங்கள் கார் வந்த கப்பலில் அதே மாதிரி மொத்தம் ஆறு கார்கள் வந்தனவாம். எங்களுடையது ஐந்தாவதாக விற்றது. அதற்கு முன் விற்ற நாலும் ஒரு வருஷத்துக்குள் எங்கெங்கோ மோதி நின்றுவிட்டன. சேலத்தில் ஒன்று. நெல்லூரில் ஒன்று. பாலக்காட்டுப் பக்கம் இரண்டு. நாலிலும் டிரைவருக்குப் பெரிய காயம் இல்லை. நாலிலும் இடது சீட்டில் இருந்தவர் செத்துப்போனார். நாலு பேர் முகமும் பின்பக்கம் திரும்பியிருந்தது.

"ஆறாவது வண்டி?" என்றார் லோயிஸ்.

"அது ஓடவே இல்லைங்க. என்ஜின் துருப்புடிச்சிருந்துது. பழைய இரும்புக்குப் போட்டோம்."

லோயிஸ் மூச்சு விட்டார். நானும்.

"பெட்டிய மட்டும் நாந்தான் கழட்டி வித்தேன்" என்றான் வேலாமணி. "அது நல்லா வேலை செஞ்சுதுங்க."

யாருக்கு விற்றான் என்று கேட்டோம்.

அவனுக்கு ஞாபகம் இல்லை.