குக்கர் விசில் அடித்தால் இறங்க வேண்டும்

எங்கள் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் சோறு வெந்துவிட்டது என்று பொருளில்லை. தீப்பிடித்துவிட்டது என்று பொருள். உடனே அடுப்பை அணைத்துவிட்டு, எல்லோரும் மாடிப்படி வழியாக இறங்கி, கார்கள் நிற்கும் வெட்டவெளியில் போய் வரிசையாக நிற்க வேண்டும். துபாயில் நான் நான்காம் வகுப்பு படித்தபோது சில வாரங்கள் எங்கள் குடும்பம் இப்படித்தான் நடந்தது.

எல்லாம் அப்பாவின் பரீட்சைக்காக. ஊரில் போலீஸ்காரராக இருந்தவர், அந்த வேலையை ஏனோ உதறிவிட்டு, ஜெபல் அலியில் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருந்தார். செக்யூரிட்டி வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்தது. எழுத்துத் தேர்வை அப்பா ஊதித் தள்ளிவிட்டார். செய்முறையில்தான் கோட்டை விட்டார்.

அபாய மணி அடித்ததும் ஆட்களைப் பத்திரமாக வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்பாவோ இரண்டு கைகளையும் அகல விரித்து, "பைட்டோ பாய், சப் பைட்டோ" என்று அத்தனை பேரையும் தரையில் உட்கார வைத்துவிட்டார். பட்டாணியர், பிலிப்பைன்காரர், மலையாளி என்று பேதமில்லாமல் எல்லோரும் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி சம்மணம் போட்டிருக்கிறார்கள். தேர்வு அதிகாரி வந்து பார்த்து, முடிந்தது என்று அரபியில் "கலாஸ்" சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் ஒரு வாய்ப்புதான் இருந்தது. அதிலும் தவறினால் சூப்பர்வைசர் பதவி போய்விடும். வெறும் காவலாளிக்குக் குடும்ப விசா கிடையாது. அப்பாவை விட்டுவிட்டு நாங்கள் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

அதனால் வீட்டிலேயே ஒத்திகை. விசில் அடிக்கும். நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். அப்பாவின் கைகள் தாமாக விரியும். "உக்காருங்க, எல்லாரும் உக்காருங்க" என்பார். தம்பி உடனே உட்கார்ந்துவிடுவான். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

"அப்பா, தீப்பிடிச்சா யாராவது உக்காருவாங்களா?"

"பதறுற கூட்டத்த உக்கார வச்சாத்தான்ட்டி மிதிபடாது. கை தானா போவுது, என்ன செய்ய?" என்று அசடு வழியச் சொன்னார்.

"ஏட்டி, சிரிக்காத," என்றாள் அம்மா. அவ்வளவு கடுமையாக அவள் என்னிடம் பேசியதே இல்லை.

கடைசியில் வழி கண்டுபிடித்தவளும் அம்மாதான். அப்பாவின் ஒரு கையில் தம்பியைத் தூக்கிக் கொடுத்தாள். மறு கையில் என் கையைப் பிடித்து வைத்தாள். "இப்ப விரிங்க பாப்போம்," என்றாள். அப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். பிறகு எங்களோடு படியிறங்கினார். என் விரல்கள் நசுங்கிவிடும் போலிருந்தது. "அப்பா, வலிக்கு, விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இறங்கினேன். கீழே போய் நின்ற பிறகும் அவர் விடவில்லை.

பரீட்சையன்று ஒரு கையில் பட்டாணியரையும் மறு கையில் வங்காளி ஒருவரையும் பிடித்துக்கொண்டு, மொத்தக் கூட்டத்தையும் வெளியே நடத்திக் கொண்டுபோனாராம். தேறிவிட்டார். அந்தப் பட்டாணியரின் பெரிய மீசையை நினைத்து நான் அதற்கும் சிரித்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். ஊரில் தேர்த் திருவிழாவுக்கு அப்பா பந்தோபஸ்து போயிருக்கிறார். வழி தவறிய ஒரு சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு, அவளைப் பெற்றவர்களைத் தேடிக்கொண்டிருந்தாராம். கரண்டு கம்பி அறுந்துவிட்டதாக யாரோ கத்த, கூட்டம் தலைதெறிக்க ஓடி வந்திருக்கிறது. அப்பா இரண்டு கைகளையும் விரித்து, உட்காரச் சொல்லிக் கத்தியிருக்கிறார். கூட்டம் உட்கார்ந்தது. எத்தனையோ பேர் பிழைத்தார்கள். கைகளை விரிப்பதற்காக அவர் விட்ட அந்தச் சிறுமி மட்டும் அதற்குள் மிதிபட்டிருந்தாள்; பிழைக்கவில்லை. அதன் பிறகு அவர் காக்கிச் சட்டை போடவில்லை.

படியில் இறங்கும்போது விடுங்க, விடுங்க என்று நான் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.